கிராதிக்கு இப்புறம்

இங்கிலாந்தின் வார்விக்ஷயர் பகுதியில் ஆஸ்டன் காண்ட்லோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இடைக்காலத்தில் எழுந்த தேவாலயத்தின் கீழைக்கோடி, அதாவது பலிபீடம் இருக்கும் பகுதி, பழுதாகிப் போனது. சீர்செய்ய 95,000 பவுண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அந்தப் பணத்தை ஊரில் ஒரு பண்ணைநிலத்தை வைத்திருந்த கணவனும் மனைவியும்தான் தரவேண்டும் என்று கோயில் நிர்வாகக் குழு வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் இழுத்த வழக்கு, அன்று நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் குழுவுக்குச் சாதகமாக முடிந்தது. அந்த நிலம் 1743இல் ஊர் நிலங்களை வரையறுத்து அடைத்தபோது தசமபாக உரிமைக்கு ஈடாக ஒதுக்கப்பட்டது என்பதே காரணம். ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு யாருக்குப் போகிறதோ, அவரே பலிபீடப் பகுதியைப் பேணவேண்டும் என்பது இடைக்கால விதி. தசமபாகம் மறைந்து வெகுகாலமாகியும் விதி மட்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டது.

இந்த வழக்கைப் பத்திரிகைகள் ஒரு சட்ட வினோதமாகவே எழுதின. இடைக்கால இங்கிலாந்தின் கிராமத் தேவாலயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடைக்காது என்பது என் எண்ணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு கட்டடம். சட்டத்தின் கண்ணில் அது இரண்டு. கிழக்கே பீடப்பகுதி, தசமபாகத்துக்கு உரியவரான ரெக்டரின் பொறுப்பு. மேற்கே மக்கள் கூடம், ஊராரின் பொறுப்பு. கூரை ஒழுகினால் ஒழுகுவது எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் யார் பணப்பையை அவிழ்ப்பது என்று முடிவாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு மரக்கிராதி நின்றது. இடைக்காலத்தின் இறுதியில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 9,000 பங்குகள், அதாவது தனித்தனித் தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்கள், இருந்தன. ஒவ்வொன்றிலும் இந்த எல்லைக்கோடு இருந்தது. தேவாலயத்தின் கட்டடக்கலையைப் பாணிகளின் வரிசையாக, ரோமனெஸ்க் வளைவு, கோதிக் வளைவு என்று படிப்பது வழக்கம். எனக்கு அந்தக் கோட்டின் வழியாகப் படிப்பதில்தான் ஊர் தெரிகிறது.

ரெக்டர் என்பவர் எப்போதும் ஊரில் குடியிருந்த குருவாக இருந்ததில்லை. பல பங்குகளின் தசமபாக உரிமை மடங்களுக்குத் தானமாகப் போயிற்று. மடம் வருமானத்தை வாங்கிக்கொண்டு, பூசை வைக்க ஒரு விகாரை, அதாவது பதில் குருவை, அமர்த்தியது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த உரிமைகள் விலைக்கு வந்தன, பொதுமக்களில் பணமுள்ளவர்கள் வாங்கினார்கள். ஆஸ்டன் காண்ட்லோ வழக்கின் வேர் அங்கே இருக்கிறது. கையிருப்பும் ஆர்வமும் உள்ள ரெக்டர் வாய்த்தால் பீடப்பகுதி எப்படி அமையும் என்பதற்கு லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனைச் சொல்லலாம். இரண்டாம் எட்வர்ட் அரசனின் குருவாக இருந்த ரிச்சர்ட் டி பாட்ஸ்கிரேவ் அதன் ரெக்டர். 1330 வாக்கில் அவர் எழுப்பிய பீடப்பகுதியின் கல்வேலை அரண்மனைச் சிற்பிகளுக்கு ஈடானது. அதற்கு மறுபக்கம், ஆயர்கள் நடத்திய விசாரணைப் பதிவுகளில் இருக்கிறது. 1397இல் ஹெர்ஃபர்ட் மறைமாவட்டத்தில் ஊர் ஊராக நடந்த விசாரணையில், பீடப்பகுதியின் கூரையும் சன்னலும் பழுதாகக் கிடக்கின்றன, ரெக்டர் கவனிப்பதில்லை என்று ஊரார் புகார் சொன்னார்கள். தங்கள் பக்கத்தைத் தாங்கள் பேணுகிறோம், அவர் பக்கத்தை அவர் பேணட்டும் என்கிற தொனி அதில் தெளிவாகக் கேட்கிறது.

ஊரார் பக்கம் எப்படி வளர்ந்தது, எப்படிச் சுருங்கியது என்பதை மண்ணைத் தோண்டியே காட்டிய இடம் யார்க்ஷயரின் வாரம் பெர்சி. ஆளொழிந்த ஊர். 1950 முதல் 1990 வரை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் அங்கே கோடைதோறும் அகழாய்வு நடத்தினார்கள். புனித மார்ட்டின் தேவாலயத்தின் தரைக்கடியில் முதலில் ஒரு சிறு மரக்கோயிலின் தடம், பத்தாம் நூற்றாண்டினது. அதன்மேல் கற்கோயில். பின்பு கூடம் நீண்டது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஊர் பெருகியபோது சுவரை உடைத்துத் தூண்வரிசை வைத்துத் தெற்கிலும் வடக்கிலும் பக்கக்கூடங்களைச் சேர்த்தார்கள். பிறகு பஞ்சம், 1348இல் வந்த பெருங்கொள்ளைநோய், அதன்பின் விளைநிலங்களை ஆட்டு மேய்ச்சலாக்கிய நில உடைமையாளர்கள். 1500 வாக்கில் ஊரில் கடைசியாக இருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. பக்கக்கூடங்களை இடித்து, தூண்களுக்கு இடைப்பட்ட வளைவுகளைக் கல்வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த அடைப்பு இன்றும் வெளிச்சுவரில் தெரிகிறது: வளைவு, உள்ளே வேறு கல், அதில் பொருத்திய சிறு சன்னல். ஊர் போன பின்னும் கோயில் போகவில்லை, ஏனெனில் சுற்றியிருந்த சிற்றூர்களுக்கும் அதுவே பங்குக்கோயில். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே வழிபாடு நடந்தது. கோயிலும் இடுகாடுமாகத் தோண்டியபோது ஏறத்தாழ 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. இடைக்காலக் குடியானவரின் உடல்நலம் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி அந்த எலும்புகள் சொன்னது.

கல்லைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அருகில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். டர்ஹாம் பகுதியின் எஸ்கம் கோயில், ஏழாம் நூற்றாண்டினது, ரோமானியர் விட்டுப்போன கோட்டையின் கற்களைக் கொண்டு எழுந்தது. நார்ஃபோக்கில் செதுக்குகல் கிடையாது. சக்கிமுக்கிக் கல்லைச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். அங்கே வட்டக் கோபுரங்கள் அதிகம். மூலைக்கு வைக்கப் பெரிய சதுரக்கல் இல்லாததால் மூலையே இல்லாமல் கட்டினார்கள் என்று பாரம்பரியமாகச் சொல்லும் விளக்கம் முழுதும் நிறைவளிப்பதில்லை. அந்தக் கோபுரங்களை ஒட்டிய கூடங்களுக்கு மூலைகள் இருக்கத்தானே செய்கின்றன? ஹெர்ஃபர்ட்ஷயரின் கில்பெக்கில் சிவப்பு மணற்கல் கிடைத்தது. 1140 வாக்கில் அங்கே கட்டியவர்கள் இறவாணத்தின் கீழே தாங்குகற்களை வரிசையாகச் செதுக்கினார்கள். நாயும் முயலும் ஒன்றையொன்று அணைத்தபடி, பிடில் வாசிப்பவன், வெளியே சொல்லக் கூச்சப்படவைக்கும் ஒரு பெண்ணுரு என்று 85 கற்கள் இன்னும் இருக்கின்றன. விளக்கம் தேடி அறிஞர்கள் களைத்துப்போன வரிசை அது.

கூடத்துக்குள்ளே இருக்கவேண்டிய பொருள்களுக்கு வருவோம். கான்டர்பரி பேராயர் ராபர்ட் வின்செல்சியின் பெயரில் 1305 வாக்கில் ஒரு பட்டியல் வழங்கிற்று. ஊரார் தங்கள் செலவில் வாங்கி வைக்கவேண்டியவை எவை என்பது அதன் பொருள். எட்டு வகை வழிபாட்டு நூல்கள். இரசக்கிண்ணம். முதன்மைப் பூசை உடுப்புத் தொகுதி, அதோடு துணைக்குருக்களின் உடுப்புகள். பெரிய பீடத்துக்கு முன்துணியும் மூன்று விரிப்புகளும். சுற்றுப்பிரகாரத்துக்குத் தூக்கிச்செல்லும் சிலுவை ஒன்று, சாவுக்குத் தனிச் சிலுவை ஒன்று. தூபக்கலசம். நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோகும்போது முன்னே பிடிக்கும் விளக்கும் கைமணியும். தபசுகாலத் திரை. கொடிகள். கயிறோடு கூடிய மணிகள். பாடை. தீர்த்தச் சட்டி. முத்திப் பலகை. பாஸ்கா திரிக்கான தண்டு. பூட்டும் சாவியுமுள்ள ஞானஸ்நானத் தொட்டி. கோயிலில் உள்ள சுரூபங்கள். பீடப்பகுதியில் நிற்கும் பாதுகாவலர் சுரூபமும் ஊரார் கணக்கில்தான். இடுகாட்டுச் சுற்றுச்சுவர். கடைசியாக, மக்கள் கூடம் முழுவதும், உள்ளும் புறமும். இவை தவிர மற்றது ரெக்டர் பாடு.

பாடை வரை எண்ணிய இந்தப் பட்டியலில் இருக்கை இல்லை. பிரசங்கத் தொட்டி இல்லை. இன்று கிராமத் தேவாலயம் என்றதும் மனத்தில் எழும் முதல் இரண்டு பொருள்கள் இவை. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை கடமைப் பொருள்களாகக்கூட இல்லை. மக்கள் நின்றார்கள், மண்டியிட்டார்கள், தரையில் பரப்பிய நாணல்மேல் உட்கார்ந்தார்கள். கிழவர்களுக்குச் சுவரோரம் கல்திண்ணை. கூடம் காலியான வெளி. அதனால்தான் அதில் சுற்றுப்பிரகாரம் போகமுடிந்தது, ஊர்ப்பேச்சு நடந்தது, சில இடங்களில் வியாபாரமும் நடந்து ஆயர்களின் கண்டனத்துக்கு ஆளாயிற்று.

பெரும்பாலான கோயில்களில் தெற்குப்பக்க வாசலே ஊரார் வாசல். அதன்முன் ஒரு முகமண்டபம். திருமணத்தின் முதற்பாதி அங்கேதான் நடக்கும்: மணவாளனும் மணவாட்டியும் வாசலில் நின்று சம்மதம் சொல்லி, மணவாளன் மோதிரம் அணிவித்த பிறகே பூசைக்கு உள்ளே போவார்கள். கவிஞர் சாசரின் கதையில் பாத் நகரத்துப் பெண்மணி ஐந்து கணவரைக் கோயில் வாசலில் மணந்ததாகச் சொல்வது இந்த வழக்கத்தைத்தான். ஞானஸ்நானச் சடங்கும் இந்த வாசலில் தொடங்கிற்று. வெளிச்சுவரில், தெற்கு வாசலுக்கு அருகே, நடுவில் ஒரு துளையும் சுற்றிக் கீறல்களுமாகச் சிறு வட்டங்கள் சில கோயில்களில் தென்படும். துளையில் குச்சி நட்டு நிழல் பார்த்துப் பூசை நேரம் அறிந்தார்கள்.

வாசலைத் தாண்டியதும் ஞானஸ்நானத் தொட்டி. பெரும்பாலும் கட்டடத்தைவிட இதற்கு வயது அதிகம். சுவரையெல்லாம் இடித்துக் கட்டியவர்கள்கூடத் தொட்டியை மாற்றத் தயங்கினார்கள். அதற்கு பக்தி மட்டும் காரணமில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமையும் பிணம் அடக்கும் உரிமையும் இருந்தால்தான் அது பங்குக்கோயில்; இல்லாவிட்டால் வெறும் சிற்றாலயம். தொட்டி ஊரின் சட்டத் தகுதிக்குச் சான்று. 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளுக்கு மூடியிட்டுப் பூட்டவேண்டும் என்று ஆணையிட்டார். மந்திரித்த நீரைச் சூனியத்துக்குத் திருடுகிறார்கள் என்பது அச்சம். பழைய தொட்டிகளின் விளிம்பில் கல் பெயர்ந்த இரண்டு வடுக்களை இன்றும் காணலாம். பூட்டுக்கான இரும்புக் கொண்டிகள் இருந்த இடம். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் ஊரார் எண்கோணத் தொட்டிகளைச் செய்வித்தார்கள். ஏழு பக்கங்களில் ஏழு அருட்சாதனங்கள், எட்டாம் பக்கத்துக்கு வேறொரு காட்சி. இப்படிப்பட்டவை 40 அளவில் எஞ்சியிருக்கின்றன. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு, மரணப்படுக்கையில் எண்ணெய் பூசப்படுபவர், கட்டில், கட்டிலடியில் பாத்திரம். பல தொட்டிகளில் உருவங்களின் முகங்களை உளியால் சிதைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இருக்கைகள் பதினைந்தாம் நூற்றாண்டில் பெருகின. பிரசங்கம் நீண்டதுதான் காரணம் என்பார்கள். வீடுகளில் சாய்மானமும் பலகையும் வந்துவிட்ட பிறகு கோயிலில் மட்டும் நிற்க யாருக்கு மனம் வரும் என்பதும் இருக்கும். சோமர்செட் தச்சர்கள் பெஞ்சுகளின் பக்கப்பலகைகளைச் சித்திரவெளியாக்கினார்கள். ப்ரெண்ட் நோலில் ஒரு நரி மடாதிபதி உடையில் நிற்கிறது, வாத்துகள் கேட்கின்றன. அடுத்த பலகையில் நரி தொழுமரத்தில். கடைசியில் வாத்துகளே அதைத் தூக்கிலிடுகின்றன. பிஷப்ஸ் லிடியர்டில் காற்றாலை. ஸ்பாக்ஸ்டனில் கம்பளித்துணி வெளுப்பவன் தன் கருவிகளோடு. ஊரின் தொழில் ஊரார் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. பெஞ்சு வந்ததும் கூடத்தின் காலிவெளி கட்டங்களாகப் பிரிந்தது. யாருக்கு எந்த இடம் என்ற வழக்குகளும் கூடவே வந்தன. ஒன்றாக நின்ற ஊர் தரவாரியாக உட்கார்ந்தது. இந்த மாற்றத்தை முன்னேற்றமாக எழுதுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

சுவர்கள் வெறுமையாக இருந்ததே இல்லை. சுண்ணாம்புச் சாந்து பூசி, காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணாம்பு வெள்ளை என்று கைக்கெட்டிய நிறங்களில் தீட்டினார்கள். நீலமும் பச்சையும் விலை கூடியவை. அவை தென்பட்டால் அந்த ஊரில் பணம் இருந்தது என்று கொள்ளலாம். வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் புனித கிறிஸ்தோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பவர், ஆள் உயரத்தைவிடப் பெரிதாக. அவரைக் காலையில் பார்த்தவனுக்கு அன்று துர்மரணம் வராது என்பது நம்பிக்கை. வயலுக்குப் போகிறவன் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், அதற்கேற்ற இடத்தில் தீட்டினார்கள். ஹார்ட்ஃபர்ட்ஷயரின் ஆஷ்வெல்லில் கோபுரச் சுவரில் யாரோ லத்தீனில் கீறிவைத்திருக்கிறார்கள்: 1350இல் கொள்ளைநோய், பிறகு அதே நூற்றாண்டின் அறுபதுகளில் பெரும்புயல். ஓவியருக்குக் கூலி கொடுக்காத எழுத்து அது.

கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவிலுள்ள வளைவின் மேல் பொதுத்தீர்வைக் காட்சி இருக்கும். சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் அதை 1500ஐ ஒட்டிச் சுவரில் தீட்டாமல் மரப்பலகைகளில் தீட்டினார்கள். பின்னர் சுண்ணாம்படித்து மறைத்தார்கள். 1892இல் கோயிலைப் புதுப்பித்தவர்கள் அந்த வெள்ளைப் பலகைகளைக் கழற்றி இடுகாட்டில் எறிந்துவிட்டுப் போக, இரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து நிறங்கள் வெளிவந்தன. நிர்வாணமாகக் கல்லறையிலிருந்து எழுபவர்கள், முடி மட்டும் தரித்த அரசன், ஆயர், ஆன்மாக்களை நிறுக்கும் மிக்கேல் சம்மனசு, நரகத்தின் வாய். ஆனால் நடுவில் ஒரு பெரிய சிலுவையின் வடிவமும் இருபுறமும் இரண்டு ஆளுருவங்களின் வடிவமும் நிறமில்லாமல் வெறுமையாக இருக்கின்றன. அங்கே ஓவியன் தீட்டவே இல்லை. பாடுபட்ட சுரூபத்தையும், தேவமாதா, யோவான் சுரூபங்களையும் பலகையின்மேல் நிறுத்தியிருந்தார்கள். அவற்றை அகற்றியபின் எஞ்சியது அந்த இடைவெளி. இங்கிலாந்தின் எந்தக் கிராமக் கோயிலிலும் தன் இடத்தில் நின்ற பழைய சுரூபத் தொகுதி முழுதாக எஞ்சவில்லை. அவை எவ்வளவு பெரியவை, எந்த இடத்தில் நின்றன என்பதை அளந்து சொல்ல இந்த வெற்றிடம் உதவுகிறது.

அவற்றின் அடியில்தான் கிராதி. பழைய கலைவரலாறுகள் இதை மக்களைக் குருவிடமிருந்து பிரித்த சுவராகவே எழுதின. மறைபொருளை மறைத்துவைத்த அதிகாரத்தின் சின்னம் என்றார்கள். நார்ஃபோக்கின் ரான்வர்த்தில் போய் நின்று பார்த்தால் இந்தக் கருத்து நிற்காது. ஏரிகளுக்கு நடுவிலுள்ள சின்ன ஊர் அது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த கிராதி. அடிப்பலகைகளில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் பூவேலைப்பட்டு உடுத்தி நிற்கிறார்கள். பக்கவாட்டில் மிக்கேல் சம்மனசு ஏழுதலை நாகத்தோடு, ஜார்ஜ் தன் நாகத்தோடு. ஓவியங்கள் முகம் காட்டுவது மேற்கே, ஊராரை நோக்கி. இருபுறமும் கிராதியோடு ஒட்டி இரண்டு சிறு பீடங்கள், கிராதிக்கு இப்புறத்தில். தெற்குப் பீடத்துக்கு மேலே தேவமாதாவும் மற்ற இரு மரியாள்களும் குழந்தைகளோடு, கூடவே பேறுகாலத்துக்குக் காவலான மார்கரெட். பிள்ளை பெற்ற பெண்கள் நன்றிசொல்ல வரும் இடமாக இது இருந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி கருதுகிறார், ஏற்கத்தக்க கருத்து. கிராதிக்குப் பணம் தந்தது ஊரார். தங்களை வெளியே நிறுத்தும் சுவருக்கு ஊர் ஒன்றுகூடி, மரணசாசனத்தில் எழுதிவைத்து, இரண்டு தலைமுறை சேமித்துச் செலவழிக்குமா? இடுப்புக்குமேல் அது வெறும் அழிச்சட்டம்; உள்ளே தெரியும். மண்டியிட்டவன் கண்ணுயரத்தில் பலகையில் துளையிட்ட கிராதிகளும் உண்டு. குரு அப்பத்தை உயர்த்தும் கணத்தைக் காண்பதே அன்றைய விசுவாசியின் பேறு. நற்கருணை வாங்குவது பாஸ்காவுக்கு ஒருமுறைதான். மற்ற ஞாயிறுகளில் வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கொடுத்த ரொட்டியை மந்திரித்துப் பங்கிட்டார்கள். கிராதியின் மேல் நடைமாடம், அதற்கு ஏறச் சுவருக்குள் படிக்கட்டு, சுரூபங்களுக்கு முன்னே எரியும் மெழுகுதிரிகள். எந்தத் திரிக்கு யார் மெழுகு தருவது என்பது ஊர்க் கணக்கு.

கிராதிக்கு அப்புறம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெற்குச் சுவரில் கிண்ணம் கழுவிய நீர் நேராக மண்ணுக்குள் வடியும் கல்குழி. குருவும் துணைக்குருக்களும் அமர மூன்று கல்மாடங்கள். வடசுவரில் பூட்டுள்ள பேழை. 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் நற்கருணையையும் எண்ணெயையும் பூட்டிவைக்கச் சொன்னதன் விளைவு இது. வடக்கே பாஸ்கா கல்லறை: பெரிய வெள்ளியன்று நற்கருணையையும் சிலுவையையும் அதில் அடக்கி, உயிர்ப்பு ஞாயிறு விடியும்வரை ஊரார் முறைபோட்டுக் காவலிருந்தார்கள். பல ஊர்களில் அது மரச்சட்டமும் துணியும். ஹெக்கிங்டனில் கல். அடியில் தூங்கி விழும் போர்வீரர்கள், மேலே உயிர்த்தவர். ஊரார் எல்லையைத் தாண்டிப் பீடப்பகுதிக்குள் வருகிற இரவுகள் அவை.

பணம் எங்கிருந்து வந்தது? அதற்கு டெவனின் மோர்பாத் பதில் சொல்கிறது. 33 குடும்பங்கள் மட்டுமே இருந்த மேட்டுநிலக் கிராமம். கிறிஸ்டஃபர் ட்ரைக்கே 1520இல் விகாராக வந்து 1574இல் சாகும்வரை அங்கேயே இருந்தார்; கோயில் கணக்கை ஆண்டுதோறும் எழுதி ஊராருக்கு உரக்க வாசித்தார். அந்த நோட்டை வைத்து ஈமன் டஃபி 2001இல் எழுதிய நூல் அந்தச் சின்ன ஊரை வரலாற்றில் நிறுத்திற்று. ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு நிதி இருந்தது. நிதி என்றால் பெரும்பாலும் ஆடுகள். கோயில் ஆடுகளை வீட்டுக்கு ஒன்றிரண்டாக விட்டு, அவரவர் மந்தையோடு மேய்த்து, கம்பளி விற்ற பணத்தைக் கணக்கில் சேர்த்தார்கள். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி, இரண்டுக்கும் அவர்களே பொறுப்பாளர். கோயிலுக்கென்று பீர் காய்ச்சி விருந்து வைத்து விற்பதும் முக்கிய வருமானம். 1534இல் திருடன் ஏணிவைத்து ஏறிக் கோபுரச் சன்னலை உடைத்து வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுபோனபோது, இளைஞர்களும் கன்னிப்பெண்களும் தங்களுக்குள் பணம் திரட்டிப் புதிது வாங்கினார்கள். ட்ரைக்கே அதைப் பெருமையோடு எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த ஆசை சாவுப்பூசைக்கு ஒரு கறுப்பு உடுப்புத் தொகுதி. ஏறத்தாழ 20 ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்து 1547இல் அது வந்து சேர்ந்தது.

வந்த ஆண்டைப் பாருங்கள். அதே 1547இல், புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை முன்னெடுத்த ஆறாம் எட்வர்டின் ஆட்சி தொடங்கிற்று. 1548இல் எல்லாச் சுரூபங்களையும் அகற்ற ஆணை. 1550இல் கற்பீடங்களை இடித்து மரமேசை வைக்க ஆணை. அடுத்து, கோயில்களின் வெள்ளியையும் உடுப்புகளையும் கணக்கெடுத்து அரசு எடுத்துக்கொண்டது. வின்செல்சியின் பட்டியலில் ஊரார் கடமையாக இருந்தவற்றில் பெரும்பகுதி குற்றப்பொருளாயிற்று. சேர்த்தது யாரோ அவர்களே கழற்றவும் வேண்டியிருந்தது: மோர்பாத் கணக்கில் சுரூபம் வாங்கிய செலவு எழுதிய அதே கை, அகற்றிய கூலியையும் எழுதுகிறது. 1549இல் மேற்குப் பகுதியில் புதிய செபநூலுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது எக்சிட்டர் நகரை முற்றுகையிட்ட முகாமுக்கு ஐந்து இளைஞர்களை ஊர் அனுப்பிவைத்ததும் கணக்கில் இருக்கிறது. கலகம் நசுக்கப்பட்டது. 1553இல் மேரி அரசியாகிப் பழைய வழிபாடு திரும்பியதும், வீட்டுக்கு வீடு ஒளித்துவைத்திருந்த துண்டுகள் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. 1558இல் எலிசபெத். மறுபடி கழற்றல். 1561இல் வந்த ஆணை கிராதியின் மேலுள்ள நடைமாடத்தை இடிக்கச் சொல்லி, கிராதியை மட்டும் பிரிப்புக்காக விட்டுவைக்கச் சொன்னது. ரான்வர்த் போன்றவை பிழைத்தது இந்த ஒரு வரியால். வென்ஹாஸ்டனில் சுண்ணாம்படித்த பலகையின் அடிப்பகுதியில், மேலதிகாரங்களுக்கு அடங்கி நடக்கச் சொல்லும் விவிலிய வாசகத்தை எழுதினார்கள்.

இழந்தது இருபக்கமும் சமமாக இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ரெக்டரின் பக்கத்தில் போனது பீடம். தசமபாகம் போகவில்லை, அதற்கு உரியவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். ஊரார் பக்கத்தில் சுரூபங்கள், திரிகள், அவற்றுக்கான ஆடுகள், அந்த ஆடுகளைச் சுற்றியிருந்த இளைஞர் நிதி, கன்னியர் நிதி, விருந்து எல்லாம் போயின. நிதிகள் கலைந்ததும் சின்னப் பொறுப்புகளில் இருந்தவர்களுக்கு வேலையில்லை. பொறுப்பு ஊரின் சில பெரிய வீடுகளுக்குள் சுருங்கிற்று.

எஞ்சியவற்றை 1643, 1644ஆம் ஆண்டுகளில், சுரூபங்களை ஒழிக்க நியமிக்கப்பட்ட வில்லியம் டவுசிங் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் 250க்கும் மேற்பட்ட கோயில்களுக்குப் போய் உடைத்தார், ஒரு நாட்குறிப்பும் எழுதினார். சேதம் எதைக் கண்டாலும் அவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. சஃபோக்கின் ப்ளைத்பர்க் கோயில் கூரையிலுள்ள மரச் சம்மனசுகளின் உடலில் ஈயக்குண்டுகள் இருப்பதை அவருடைய ஆட்கள் சுட்டது என்று வெகுகாலம் சொன்னார்கள். குண்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டினவை. கூரைக்குள் கூடுகட்டிய காக்கைகளைச் சுட ஊரார் கூலி கொடுத்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருத்தங்கள்தான் இன்று பயணிகள் காணும் இடைக்காலத்தைப் படைத்தன. 1839இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கத்தாரின் செல்வாக்கில், கிராமக் கோயில்களின் பீடப்பகுதிக்குள் அங்கி போட்ட பாடகர் குழுவும் ஆர்கனும் புகுந்தன. அதுவரை ஊர் இசைக்காரர்கள் மேற்குக்கோடி மாடத்தில் இருந்து வாசித்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு மாடத்தை இடித்தார்கள். ஊரார் பக்கம் இன்னொரு முறை தோற்றது. சுவர்ச்சாந்தைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டுவதும் அப்போது பிடித்த மோகம். கரடுமுரடான கல் நேர்மையானது, பழமையானது என்று நினைத்தார்கள். சாந்தோடு ஓவியமும் குப்பைக்குப் போயிற்று. இதைக் கண்டு கொதித்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சுரண்டல் எதிர்ப்பு என்றே அதற்குப் பட்டப்பெயர்.

தப்பியவை பெரும்பாலும் சுண்ணாம்புக்கு அடியில் இருந்தவை. யார்க்ஷயரின் பிக்கரிங்கில் 1852இல் ஓவியங்கள் வெளிப்பட்டபோது, மக்கள் கவனம் சிதறும் என்று விகார் மறுபடி வெள்ளையடித்தார். கால் நூற்றாண்டு கழித்தே அவற்றை மீண்டும் திறந்தார்கள். க்ளாஸ்டர்ஷயரின் கெம்ப்ளியில் 1872இல் சுண்ணாம்பை நீக்கியவர்கள் ஓவியங்களைக் காப்பதாக எண்ணி வார்னிஷ் பூசினார்கள். அது கறுத்தது, இருபதாம் நூற்றாண்டில் அதைக் கவனமாக எடுக்கவேண்டி வந்தது. அங்கே பீடப்பகுதியின் விதானத்திலும் சுவரிலும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரச் சாந்தில் தீட்டிய கிறிஸ்துவும் அண்ணாந்து அவரைப் பார்க்கும் அப்போஸ்தலர்களும் சாந்தோடு ஒன்றிப்போனதால் தேறிவிட்டார்கள். கிராதிக்கு இப்புறம், மக்கள் கூடத்தில், உலர்ந்த சுவரில் பின்னாளில் தீட்டியவற்றில் பெரும்பாலானவை துண்டு துண்டாகவே நிற்கின்றன.